இம்மி என்றால் 21,50,400-இல் ஒன்று

"இம்மியும் பிசகக் கூடாது" என்பார் எங்க ஐயா. காரைக்குடி வீட்டு முகப்பில் பேரேட்டை விரித்து உட்கார்ந்தால் நாளைக்கு நாலு தரமாவது அந்தச் சொல் வந்துவிடும். ரொம்பக் கொஞ்சம் என்பதற்கு ஒரு பேச்சு வழக்கு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது ஒரு அளவு. பழைய வாய்பாட்டில் இம்மி என்பது ஒன்றை 21,50,400 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. (சில வாய்பாடுகளில் கூறுகளின் எண்ணிக்கை இதில் பாதி, 10,75,200 என்று இருக்கும்.)

போன வாரம் பட்டாசாலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொத்து, மூன்று பங்காளிகள். முந்திரி என்பது 320-இல் ஒன்று. ஆளுக்கு 106 முந்திரி, அதாவது காலே ஒன்றரை மாவே அரைக்காணி (மா 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று). மிச்சம் 2 முந்திரி. ஒரு முந்திரிக்கு 320 கீழ்முந்திரி, அப்படி உடைத்தால் 640. ஆளுக்கு 213 போக ஒன்று நிற்கிறது. அந்த ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி. ஆளுக்கு ஏழு! மிச்சம் சுத்தமாக இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

காரணம் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வீசம் என்பது 16-இல் ஒன்று; அந்த 16-ஐயும் மாவின் 20-ஐயும் பெருக்கினால் 320. அதில் 2-உம் 5-உம் தவிர வேறு பகா எண் கிடையாது. அதை எத்தனை தரம் அதனாலேயே பெருக்கினாலும் மூன்றுக்கோ ஏழுக்கோ மசியாது. கீழ்முந்திரியின் 1,02,400-உம் அப்படித்தான். அதை 21-ஆல் பெருக்கியதும் 3-உம் 7-உம் ஒன்றாக உள்ளே வந்துவிடுகின்றன. 21,50,400-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 156. இரட்டிப்பாகவே போயிருக்கலாமே, ஏன் 21? பங்கு பிரித்துப் பிரித்துக் கை பழுத்தவர்கள் தேர்ந்தெடுத்த எண் என்றுதான் நான் நம்புகிறேன்.

அணாக் கணக்கிலும் இந்தச் சௌகரியம் இருந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை, மூன்றாகப் பிரித்தால் 64. 1957-இல் நூறு காசு வந்த பிறகு 33, 33, 33 போக ஒரு காசு நிற்கிறது.

தமிழன் அன்றே அணுவை அளந்தான் என்று வாட்ஸ்அப்பில் இந்த வாய்பாட்டைச் சுற்றவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது துகளை அளந்த கணக்கு இல்லை, பங்கைக் குறையில்லாமல் பிரித்த கணக்கு. பெருமை அங்கேதான் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பகாக் காரணிகளைச் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் குலக்கோயில்கள் ஒன்பது. ஒன்பதாகப் பிரித்தால் மட்டும் இம்மியும் கைகொடுக்காது, 3 மிஞ்சும். இம்மிக்கு 11 மும்மி, மும்மிக்கு 7 அணு, அணுவுக்கு 9 குணம் என்று கீழே இறங்கினால் அதுவும் தீர்ந்துவிடும்.

ஐயாவின் பேரேட்டில் முந்திரிக்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய ஏடு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைக்கும் கொடுத்துவிடாதீர்கள். இம்மி என்று ஒரு வரி கண்ணில் பட்டாலும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.