செலவு கூடியது சரி, கையில் காசு?
அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புப்படி, இந்தியக் கிராமத்தில் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 2011-12-இல் 1,430 ரூபாய், 2023-24-இல் 4,122 ரூபாய் என்று உங்கள் கட்டுரையில் பார்த்தேன். விலையேற்றத்தைக் கழித்தால் அந்த 4,122, 2011-12 விலையில் 2,079தான். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உயர்வு உண்மை, ஆனால் மூன்று மடங்கெல்லாம் கிடையாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மரச்சீனிக்கிழங்கு அவித்து மாலைப் பசியைத் தீர்த்த வீடுகளில் இப்போது பாக்கெட் தின்பண்டம். அது மட்டும் நன்றாகவே தெரிகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை விடாமல் பெய்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், என் பற்று நோட்டு தடித்துக்கொண்டே போகும். போன ஐப்பசியில் பால்வெட்டுக்குப் போகும் அக்கா ஒருவர் பாக்கியில் பாதியைக் கொடுக்க வந்தார். காதில் கம்மல் இல்லை, ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தார். அடகுப் பணத்தில் மீதி, பிள்ளையின் பள்ளி வேனுக்குப் போனது. கணக்கெடுப்பில் அந்த வேன் காசும் செலவு உயர்வாகத்தானே விழும்? வளைகுடாப் பணம் வரும் வீடும் இந்த வீடும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்த முறை நகைக்கடன் கணக்கையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள் ஐயா.