பிட்ச் கூட்டினால் மட்டும் வேகம் கூடிவிடாது

“பிட்ச் பெரிய ப்ரொப்பெல்லர் போட்டால் போட் தானாக வேகமெடுக்கும்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. பிட்ச் என்றால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு முன்னேறும் கணக்குத் தூரம். எஞ்சின் அந்த ப்ரொப்பெல்லரைச் சுழற்றினால்தானே வேகம்!

ப்ரொப்பெல்லரில் 11 × 13 என்றிருந்தால் 11 அங்குலம் விட்டம், 13 பிட்ச். அதாவது வழுக்கலே (தண்ணீரில் பிடி நழுவி வீணாகும் தூரம்) இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம் முன்னேறும். கணக்குப்படி எஞ்சின் 5000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5000 சுற்று), 2:1 கியர் (எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று) என்றால் சுமார் 26.7 நாட் (மணிக்கு 26.7 கடல் மைல்). தண்ணீரில் வழுக்கல் போகக் குறைவாகத்தான் வரும்.

பிட்ச் ஓர் அங்குலம் கூட்டினால் தோராயமாக 150 முதல் 200 ஆர்பிஎம் இறங்கும். உங்கள் எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கு (வேக லீவரை முழுதாகத் தள்ளிய நிலை) 4500–5500 ஆர்பிஎம் என்று போட்டிருந்து, டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) 4100-இல் நின்றால் எஞ்சின் திணறுகிறது என்று அர்த்தம். பிஸ்டன் சூடேறும், கரி படியும். 5500-ஐத் தாண்டி ஓடினாலும் கெடுதல்தான். அப்போதுதான் பிட்ச் கூட்ட வேண்டும்.

வெறும் போட்டில் சோதிக்காதீர்கள். வலை, ஐஸ், டீசலோ பெட்ரோலோ, ஆட்கள் எல்லாம் ஏற்றி, முழு த்ராட்டிலில் பாருங்கள். 4100 வந்தால் 13-க்குப் பதில் 10 பிட்ச் போட்டுப் பாருங்கள், 4500–5500 வரம்புக்குள் வரும். அதற்கு முன் இதழ் நுனி வளைந்திருக்கிறதா, அடிப்பலகையில் பாசி, சிப்பி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதனாலும் ஆர்பிஎம் விழும்.