விற்பனைக்கு வராத பாப் வில்ஸ்

கண்ட்ரி மியூசிக் கேட்பேன் என்று சொன்னால் நண்பர்கள் பலருக்கு ஒரே படம்தான் மனதில் வருகிறது. தொப்பி, குதிரை, ஒற்றைக் கிட்டார், விட்டுப்போன காதலியை நினைத்து ஒரு புலம்பல். போன வாரம்கூட ஒருவர் அப்படித்தான் சொன்னார். நான் பதில் பேசாமல் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இது ஜாஸ் ஆச்சே" என்றார். ஆமாம், ஜாஸ்தான். கண்ட்ரியும்தான். அமெரிக்காவின் டெக்சஸிலும் ஒக்லஹோமாவிலும் 1930களில் இந்த இரண்டையும் யாரும் தனித்தனிப் பெட்டியில் போட்டு வைக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஜோடி ஜோடியாக ஆட வந்தவர்களுக்குக் கால் தரையில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அந்த இசைக்கு வெஸ்டர்ன் ஸ்விங் என்று பிற்பாடு பெயர் வந்தது.

அதில் முதலில் சொல்லவேண்டிய பெயர் பாப் வில்ஸ். அவரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற இசைத்தட்டுகளோடு நின்றுவிடுகிறார்கள். 1940இல் பதிவான 'நியூ சான் அன்டோனியோ ரோஸ்' போன்றவை. நல்ல பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்த ஆளும் அவருடைய டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவும் முழுசாகத் தெரிவது கடையில் விற்பதற்காகப் பதிவாகாத தட்டுகளில்தான். 1946, 47இல் கலிஃபோர்னியாவில் வானொலி நிலையங்களுக்காகப் பதிவு செய்த டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸைச் சொல்கிறேன். இதைப் பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வில்ஸ் 1905இல் டெக்சஸில் பிறந்தவர். அப்பா ஃபிடில், அதாவது நாட்டுப்புற வயலின், வாசிப்பவர். பருத்திக் காட்டில் கறுப்பினத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்து, அவர்கள் பாடும் ப்ளூஸைக் காதில் வாங்கி வளர்ந்த பையன். கறுப்பினப் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாடுவதைக் கேட்கக் குதிரையில் ஐம்பது மைல் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலம் முடிதிருத்தும் வேலை பார்த்தார். 1931இல் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மாவு மில்லின் விளம்பரத்துக்காக வானொலியில் வாசித்த லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் குழுவில் அவரும் பாடகர் மில்டன் பிரவுனும் இருந்தார்கள். மில்லின் பொறுப்பில் இருந்த லீ ஓ'டேனியல், பிற்பாடு அந்த மாநிலத்துக்கே ஆளுநரானவர், குழு நடனக்கூடங்களில் வாசிக்கக்கூடாது என்றார். முதலில் பிரவுன் வெளியேறித் தனிக்குழு கண்டார். பின்னால் வில்ஸும் போய்விட்டார். ஆட்டத்தை விட்டுவிட்டு இந்த இசை இல்லை என்பது அவர்கள் இருவருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது.

மில்டன் பிரவுனைப் பற்றித் தனிப்பதிவே எழுதலாம். அவர் குழுவில் இருந்த பாப் டன் 1935இல் ஸ்டீல் கிட்டாரை (கம்பி மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது) மின்சாரத்தில் இணைத்துப் பதிவு செய்தவர், கண்ட்ரி இசையில் மின்கிட்டார் தட்டில் ஏறிய ஆரம்ப காலம் அது. மறுவருடமே பிரவுன் கார் விபத்தில் அடிபட்டு இறந்துபோனார். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் இன்று யார் பெயரை முதலில் சொல்லியிருப்போமோ.

சரி, வில்ஸுக்கு வருகிறேன். 1934இல் ஒக்லஹோமாவின் டல்ஸா நகருக்குப் போய் கேவிஓஓ வானொலியில் மதிய நிகழ்ச்சி, ராத்திரி கெய்ன்ஸ் பால்ரூமில் ஆட்டம் என்று ஊன்றிக்கொண்டார். 1935இல் டாலஸில் பிளேபாய்ஸின் முதல் பதிவு. அங்கே இருந்த தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி, கண்ட்ரி குழுவுக்கு எதற்கு ஊதுகருவிகள், வாசிக்கும்போது நடுவில் எதற்குக் கூச்சல் என்று கேட்டார். இதெல்லாம் இல்லாமல் நான் இல்லை, மூட்டை கட்டுங்கள் போகலாம் என்று குழுவிடம் வில்ஸ் சொல்லிவிட்டார். சாதர்லிதான் இறங்கிவந்தார். 1944இல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கண்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் மேடையிலும் இதே கதை, அங்கே டிரம்ஸ் ஆகாது. இவர் டிரம்ஸோடுதான் வாசித்தார்.

அந்தக் கூச்சல் என்ன தெரியுமா? "ஆ...ஹா!" அட்சரம் பிசகாமல் நம்முடைய ஆஹாதான். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் ஒரு நல்ல பிடி பிடித்தால் பாடகர் வாய்விட்டுச் சொல்வாரே, அதே இடத்தில், அதே மனசோடு வருகிறது. அடுத்து வாசிக்கப்போகிறவரின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அது தொந்தரவாக இருக்கிறது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது.

போர்க்காலத்தில் வில்ஸ் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருக்காகக் கூட்டம் காத்திருந்தது. புழுதிப்புயலில் நிலம் போய் ஒக்லஹோமா, டெக்சஸிலிருந்து மேற்கே வந்தவர்கள், போர்த் தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்தவர்கள். ஊரை விட்டுவந்த சனம். சின்டி வாக்கர் எழுதிய 'டஸ்ட்டி ஸ்கைஸ்' என்ற பாட்டைக் குழுவின் பாடகர் டாமி டங்கன் டிஃபனி பதிவில் பாடுவதைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கொடுத்தெல்லாம் பாடமாட்டார், கிளம்பவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் பாடுவார். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

இந்த டிஃபனி தட்டுகள் பதினாறு அங்குல அகலம், வானொலிக்கென்றே செய்தவை. வில்ஸும் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்திய சொந்த முயற்சி, அதனால் எந்தப் பாட்டு விற்கும் விற்காது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ரிக்கார்டு கம்பெனி ஆள் இல்லை. ராத்திரி ராத்திரியாகச் சேர்ந்து வாசித்து ஊறிப்போன குழு மைக் முன்னால் நின்று, தெரிந்ததையெல்லாம் வாசித்துத் தள்ளியது. இருநூறுக்கும் மேல் பாட்டுகள். பழைய ஃபிடில் மெட்டு, ப்ளூஸ், ஜாஸ் உலகின் எலிங்டன் குழு வாசித்த 'டேக் தி ஏ ட்ரெயின்', பென்னி குட்மேன் குழுவின் ஒரு உருப்படி, எல்லாம் ஒரே வரிசையில். போருக்கு முன் இருந்த பெரிய ஊதுகருவிப் படை இப்போது இல்லை. அந்த வேலையை டைனி மூரின் எலெக்ட்ரிக் மாண்டலினும் ஹெர்ப் ரெமிங்டனின் ஸ்டீல் கிட்டாரும் எலெக்ட்ரிக் கிட்டாரும் பங்குபோட்டுக்கொண்டன. எலெக்ட்ரிக் மாண்டலின் என்றதும் நமக்கு ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார், அந்தக் கருவி 1946இல் இன்னொரு மண்ணில் சாக்ஸஃபோனின் இடத்தை நிரப்பியதைக் கேட்பது எனக்குத் தனி சந்தோஷம்.

அப்புறம் குழுவின் கிட்டார்காரர் ஜூனியர் பர்னார்ட். 'ஃபேட் பாய் ரேக்' (Fat Boy Rag) என்ற ஒன்றை மட்டும் போட்டுக் கேளுங்கள். கிட்டார் சுத்தமாக மணி அடிக்காது. உறுமும். ஆம்ப்ளிஃபையரை அதன் வரம்புக்கு மேல் முறுக்கிவிட்டு, கம்பியை இழுத்துப் பிடித்து வாசிக்கிறார், ஸ்வரத்தின் ஓரம் கிழிந்துபோய் வருகிறது. ராக் அண்ட் ரோல் என்ற பேச்சே நாட்டில் கிளம்பாத வருடம். அந்தப் பத்து வினாடியைப் பலமுறை திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. இந்த இசையின் பாதி உயிர் கறுப்பினத்தவர்களிடமிருந்து வந்தது. ஆனால் பிளேபாய்ஸ் குழு வெள்ளையர் குழுவாகவே இருந்தது. இளம் வயதில் வில்ஸ் முகத்தில் கரிபூசி வேடிக்கை காட்டும் மருந்து வியாபாரக் குழுவிலும் ஆடியிருக்கிறார். பெஸ்ஸி ஸ்மித்துக்காக ஐம்பது மைல் போன கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இசை மேல் எனக்குள்ள பிரியம் இதனால் குறையவில்லை, கேட்கும்போது கடன்பட்டவர்களின் முகமும் சேர்ந்து தெரிகிறது.

இன்னொரு ஆதங்கம். சில வருடம் முன்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வெஸ்டர்ன் ஸ்விங் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று ஃபிடிலின் வில் உராயும் சத்தம், டிரம்ஸில் சிம்பல் விழும் சத்தம் எல்லாவற்றையும் வழித்து எடுத்திருந்தார்கள். கம்பளிப் போர்வைக்குள் குழு வாசிப்பதுபோல் இருந்தது. பழைய தட்டின் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும், நாலு நொடியில் காது பழகிவிடும். போன மேல்ஸ்தாயி திரும்பி வராது.

ஜூனியர் பர்னார்ட் 1951இல் கார் விபத்தில் இறந்தார். வில்ஸ் 1973 டிசம்பரில் டாலஸில் பழைய ஆட்களைக் கூட்டிக் கடைசியாகப் பதிவுக்கு உட்கார்ந்தார், முதல் நாள் முடிந்த ராத்திரியே பக்கவாதம், நினைவு திரும்பாமல் 1975 மே மாதம் போய்ச் சேர்ந்தார். டிஃபனி தட்டுகளை கெலைடாஸ்கோப் என்ற சின்ன கம்பெனி எல்பிகளாகக் கொண்டுவந்ததோ எண்பதுகளில். வானொலியில் ஒலித்து அடங்கியவற்றைச் சனங்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று இணையத்தில் தேடினால் கிடைக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஹெட்போன் இல்லாமல், அறைக்குள் சத்தமாகப் போட்டுக் கேளுங்கள். வில்ஸ் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவதைக் கவனியுங்கள். யார் வாசித்தது பிடித்தது என்று கீழே எழுதுங்கள். எனக்கு இந்த மாதம் ஜோ ஹாலியின் ஃபிடில்.