விருந்துக்குப் பின் நிலம் போன வழி

ஸ்காட்லாந்தின் டக்ளஸ் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எவரும் 1440 நவம்பர் 24 அன்று எடின்பரோ கோட்டையில் நடந்த விருந்தை விட்டுவிடுவதில்லை. ஏறத்தாழ பதினாறு வயதான, அக்குடும்பத்தின் ஆறாம் ஏர்ல் (பிரபுப் பட்டம்) வில்லியம் டக்ளஸையும் அவருடைய தம்பி டேவிட்டையும், பத்து வயது அரசன் இரண்டாம் ஜேம்ஸின் பெயரால் வரவழைத்து, ராஜத் துரோகம் என்று குற்றம் சாட்டித் தலையை வெட்டினார்கள். உணவின் நடுவே கறுப்புக் காளையின் தலையைத் தட்டில் வைத்து மரணத்தை அறிவித்தார்கள் என்பது பிற்காலத்தார் சேர்த்த கதை. அந்தக் காளைத் தலைதான் எல்லார் நினைவிலும் தங்கியிருக்கிறது. கொலைக்குப் பின் நிலம் யார் கைக்குப் போயிற்று என்று கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்தக் குடும்பத்தை உயர்த்தியவர் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் படைத்தோழர் ஜேம்ஸ் டக்ளஸ். இறந்த அரசரின் இதயத்தைப் பேழையில் ஏந்திப் புறப்பட்டு, 1330-இல் ஸ்பெயினின் தேபா போர்க்களத்தில் உயிர்விட்டவர் அவர். அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த நிலங்கள் நூறாண்டுகளில் பெருகி, அரச குடும்பமே அஞ்சும் அளவுக்கு வளர்ந்தன.

ராஜத் துரோகி என்று ஒருவரைத் தண்டித்தால் அவருடைய சொத்து அரசுக்குச் சேர வேண்டும். 1440-இல் அப்படி நடக்கவில்லை. ஏர்ல் பட்டமும் பெரும்பகுதி நிலமும், கொல்லப்பட்ட சிறுவர்களுடைய தாத்தாவின் தம்பியான பருத்த உடல் ஜேம்ஸிடம் போய்ச் சேர்ந்தன. கொலைப் பழியை, சிறுவனான அரசனின் பெயரால் அதிகாரம் செலுத்திய சான்சலர் (தலைமை அமைச்சர்) கிரைட்டன் மீதும் லிவிங்ஸ்டன் மீதும் மட்டுமே சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை ஆதாயம் அடைந்த சின்னத் தாத்தாவுக்குத் தெரியாமல் அந்த விருந்து நடந்திருக்காது என்பதே என் உறுதியான கருத்து. சொந்தப் பேரப் பிள்ளைகளின் கொலைக்கு அவர் பழிவாங்க முயன்றதாகவும் வரலாறு சொல்லவில்லை.

ஆனால் ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள காலோவே பகுதி மட்டும் கொல்லப்பட்டவர்களின் சகோதரி மார்கரெட்டுக்குப் போயிற்று. அதைத் திரும்பப் பெறும் வழியாக, அந்தச் சின்னத் தாத்தாவின் மகனும் எட்டாம் ஏர்லுமான வில்லியமுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். நம் உறவுமுறையில் அவர் அவளுக்குச் சித்தப்பா. அவர்கள் முறையிலும் நெருங்கிய இரத்த உறவு என்பதால் போப்பாண்டவரின் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. பிரிந்த நிலம் மறுபடியும் ஒன்றானது. அவளுடைய விருப்பத்தை யாரேனும் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

1452 பிப்ரவரி 22 அன்று, வளர்ந்துவிட்ட இரண்டாம் ஜேம்ஸ், பாதுகாப்பு உறுதிக் கடிதம் கொடுத்து அந்த வில்லியமை ஸ்டர்லிங் கோட்டைக்கு வரவழைத்தார். கிராஃபர்ட், ராஸ் பிரபுக்களோடு செய்திருந்த உடன்படிக்கையை முறிக்கச் சொன்னார்; வில்லியம் மறுத்தார். அரசர் தம் கையாலேயே குத்த, உடனிருந்தவர்களும் பாய்ந்து முடித்தார்கள். உடலில் இருபத்தாறு காயங்கள். அடுத்த மாதம் வில்லியமின் தம்பி ஜேம்ஸ் அந்தக் கடிதத்தைக் குதிரை வாலில் கட்டி ஸ்டர்லிங் தெருவில் இழுத்துச் சென்றார். அதே ஆண்டில் நாடாளுமன்றமோ, ஏர்ல் தம் சாவுக்குத் தாமே காரணம் என்று தீர்த்து அரசரை விடுவித்தது. அளவுக்கு மீறி வளர்ந்த பிரபுக்களை அடக்காமல் அரசு நிலைத்திருக்காது என்று சிலர் வாதிடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கை மீறி விருந்தாளியைக் குத்திக் கொன்றதற்கு அந்த வாதம் விடையாகாது.

விதவையான மார்கரெட்டை அடுத்து அந்தத் தம்பி ஜேம்ஸுக்கே மணம் முடித்தார்கள். காரணம் மீண்டும் காலோவேதான். 1455 மே மாதம் ஆர்கின்ஹோமில் டக்ளஸ் சகோதரர்களின் படை தோற்றபோது, எதிரணியில் நின்றவர்களில் அவர்களுடைய உறவினரான சிவப்பு டக்ளஸ் கிளையினரும் இருந்தனர். நிலங்கள் பறிமுதலாயின, காலோவே அரசின் சொத்தானது, ஜேம்ஸ் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். மார்கரெட் அரசரிடம் பணிந்தாள். அவர் அவளைத் தம் தாயின் மறுமணத்தில் பிறந்த தம்பி ஜான் ஸ்டூவர்ட்டுக்கு மணம் முடித்துவைத்து, 1460-இல் இருவருக்கும் பால்வெனி கோட்டையைக் கொடுத்தார். அதற்கு ஆண்டுக் குத்தகை ஒரே ஒரு சிவப்பு ரோஜா. அந்தப் பால்வெனி, அவளுடைய சகோதரர்கள் மாண்டபோது ஆதாயம் அடைந்த அதே சின்னத் தாத்தாவின் கோட்டை.