2 ஜிபி ராமில் கிளாம்ஏவி தாங்காது

கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ்களுக்கு 2 ஜிபி ராம் உள்ள மெயில் சர்வரே போதும், அதில் கிளாம்ஏவி என்ற இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது ஒரு கட்டுரை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வைரஸ் சிக்னேச்சர்களை (வைரஸை அடையாளம் காட்டும் குறிப்புகளை) ராமில் ஏற்றி வைக்கவே, கிளாம்ஏவியின் பின்னணியில் ஓடும் நிரலான கிளாம்டிக்கு 1 ஜிபிக்கு மேல் வேண்டும். அப்டேட் வந்ததும் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும். அந்த நேரத்தில் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராம் போதாவிட்டால் லினக்ஸ் கர்னல் கிளாம்டியையே கொன்றுவிடும். 3 ஜிபிக்கு மேல் வையுங்கள். முடியாவிட்டால் கிளாம்டியின் அமைப்பில் 'கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்' (பழையதோடு சேர்த்தே புதியதை ஏற்றுவது) என்பதை 'நோ' ஆக்குங்கள். ரீலோட் முடியும்வரை மெயில் சற்றுக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

கிளாம்டி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். வரும் மெயிலைக் கிளாம்டியிடம் சோதனைக்குக் கொடுக்கும் மில்டரின் அமைப்பில், 'ஆன்ஃபெயில்' (சோதிக்க முடியாதபோது செய்வது) 'டிஃபர்' (பிறகு அனுப்பு) என்றே இருக்கட்டும். அனுப்பியவரின் சர்வர் பிறகு மறுபடி முயலும். 'அக்செப்ட்' என்று மாற்றினால் சோதிக்காத மெயில் நேரே உள்ளே வந்துவிடும்.

பில் என்ற பெயரில் பாஸ்வேர்ட் போட்ட ஜிப் வரும். அதன் உள்ளே கிளாம்ஏவியால் பார்க்க முடியாது. 'அலர்ட் என்கிரிப்டட் ஆர்கைவ்' இயல்பில் அணைந்திருக்கும், அதை 'யெஸ்' ஆக்குங்கள். மேக்ரோ (எக்செல், வேர்ட் ஃபைலுக்குள் இருக்கும் சிறு நிரல்) எச்சரிக்கையையும் போட்டால் இலை எடைக் கணக்கு எக்செல்கூட மாட்டும். அதனால் மெயிலை ஏற்காமல் மறுக்கும் ரிஜெக்ட் வேண்டாம், தனியே நிறுத்திவைக்கும் குவாரன்டைன் போதும்.

மழைக்காலத்தில் மலையில் நெட் இழுக்கும். பத்து கம்ப்யூட்டரும் தனித்தனியே சிக்னேச்சர்களை டவுன்லோட் செய்யாமல், 'சிவிடிஅப்டேட்' என்ற கருவி மூலம் ஒரே கம்ப்யூட்டரில் இறக்கி மற்றவற்றுக்குக் கொடுங்கள்.

விண்டோஸ் டெஸ்க்டாப்பில், கிளாம்ஏவியை வைத்து விண்டோஸுக்காகச் செய்த கிளாம்வின் மட்டும் போதாது. ஃபைலைத் திறக்கும்போதே தடுக்கும் வசதி அதில் இல்லை. விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டரை அணைக்காதீர்கள்.