ஒரே நாளில் பிறந்த மூன்று பாடல்கள், அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள்

கூல் அண்ட் த கேங் என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், 1973இல் ஒரே நாள் ஒத்திகையில் அவர்கள் மூன்று வெற்றிப் பாடல்களை உருவாக்கிய கதைதான் முதலில் வந்து நிற்கிறது. கதை சுவையானதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளைச் சொல்லாமல் விட்டால், சாமி வந்து ஆடியது போல அந்தப் பாடல்கள் பிறந்துவிட்டன என்று ஆகிவிடுகிறது.

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், 1964இல், பதின்ம வயதுகூட முழுமையாகக் கடக்காத ராபர்ட் பெல், அவருடைய தம்பி ரொனால்ட் பெல் ஆகியோரும் அக்கம்பக்கத்து நண்பர்களும் சேர்ந்து ஜாஸியாக்ஸ் என்ற பெயரில் ஜாஸ் வாசிக்கத் தொடங்கினார்கள். வண்ணப்பூச்சு டப்பாக்களைத் தட்டித் தாளம் பழகிய சகோதரர்கள் அவர்கள். அவர்களுடைய தந்தை குத்துச்சண்டை வீரர், ராபர்ட்டின் ஞானத்தந்தையோ ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க். இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறகு சோல் டவுன் பேண்ட் என்று பெயர் மாறி, மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பிரபலப் பாடல்களை உள்ளூர்ப் பாடகர்களுக்குப் பின்னணியாக வாசித்தார்கள். என் பார்வையில் அவர்களுடைய உண்மையான பள்ளிக்கூடம் அதுதான். கூட்டத்தை ஆட வைக்கும் தாளம் எது என்பதை அடுத்தவர் பாடல்களை வாசித்தே கற்றுக்கொண்டார்கள். 1969இல் கூல் அண்ட் த கேங் என்ற பெயரில் டி-லைட் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் குரலைவிட வாத்தியங்களே அதிகம் பேசியதற்கும் இந்தப் பின்னணியே காரணம்.

அடுத்த சில ஆண்டுகளில் பெயர் கிடைத்தது, பெரிய வெற்றி கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் கேமரூன் நாட்டுக் கலைஞர் மனு திபாங்கோவின் ‘சோல் மகோசா’ நியூயார்க் நடன விடுதிகளைக் கலக்கிக்கொண்டிருந்தது. அந்த இசைத்தட்டுக்கு இருந்த தட்டுப்பாடு காரணமாக ஆளாளுக்கு அந்தப் பாடலை நகலெடுத்துப் பதிவு செய்தார்கள். நிறுவனம் இவர்களையும் அதையே வாசிக்கச் சொன்னது. மறுத்துவிட்டு ஒத்திகைக் கூடத்துக்குப் போய், ‘ஃபங்க்கி ஸ்டஃப்’, ‘ஜங்கிள் பூகி’, ‘ஹாலிவுட் ஸ்விங்கிங்’ மூன்றையும் ஒரே நாளில் அமைத்ததாக ராபர்ட் சொல்லிவந்திருக்கிறார்.

இந்த மறுப்பை வெறும் இளமைத் திமிர் என்று நான் கருதவில்லை. நகலெடுப்பதையே தொழிலாகச் செய்து பார்த்தவர்களுக்கு அதனால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது தெரிந்திருக்கும். அதே சமயம், ‘ஜங்கிள் பூகி’யின் தாளக்கட்டையும் முரட்டுக் குரல் முழக்கங்களையும் கேட்கும்போது, மகோசாவின் ஆப்பிரிக்கச் சாயலை அவர்கள் முற்றிலும் உதறிவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை, பாடலை விட்டுவிட்டு அதன் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்வேன். அந்தக் குரலும் தேர்ந்த பாடகருடையது அல்ல, குழுவின் மேடைப் பொருள்களைக் கவனித்துக்கொண்ட டான் பாய்ஸ் என்பவருடையது!

1974இல் ‘ஜங்கிள் பூகி’ அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 4ஆம் இடத்தையும் ‘ஹாலிவுட் ஸ்விங்கிங்’ 6ஆம் இடத்தையும் தொட்டன. 1980இல் வெளியாகி 1981இல் முதலிடம் பிடித்த ‘செலிப்ரேஷன்’ வழியாக மட்டுமே இக்குழுவை அறிந்தவர்கள், மேற்சொன்ன மூன்று பாடல்களும் இடம்பெற்ற ‘வைல்ட் அண்ட் பீஸ்ஃபுல்’ தொகுப்பை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். அதன் தலைப்புப் பாடலில் அந்தப் பழைய ஜாஸ் பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள்.