புயல் தூரத்தில் இருந்தால் சில்வர் பீச்சில் நிற்கலாமா?

“கடலூர் துறைமுகத்தில் 2-ம் எண் கூண்டுதான், புயல் 400 கி.மீ. தள்ளி இருக்கிறது, சில்வர் பீச்சில் தாராளமாக அலை பார்க்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. தயவுசெய்து பகிராதீர்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 2-ம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது. கரையில் அலை எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது.

புயல் பெரும்பாலும் மணிக்கு 10–15 கி.மீ. வேகத்தில் நகரும். அது கிளப்பும் நீண்ட அலைகளோ மணிக்கு 30 கி.மீ.க்கு மேலும் ஓடிவரும். அதனால் காற்றும் மழையும் தொடங்கும் முன்பே, நல்ல வெயிலிலேயே, சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் கடல் சீறலாம். கொஞ்ச நேரம் அடங்கியதுபோல் இருக்கும். அப்புறம் பெரிய அலைகள் கூட்டமாக வரும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரையும் இழுத்துவிடும். பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டாம்.

அலைக்கென்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. கூண்டு எண்ணோடு அதையும் பாருங்கள்.